வராதவர்கள் டப்பா

பரம்பரை இல்லாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிச் சுற்றறிக்கையில் எங்கும் சொல்லப்படவில்லை. ‘வேர்களும் கனவுகளும்’ கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு சார்ட் கொண்டுவர வேண்டும். மேல் பாதியில் முன்னோர், கீழ்ப் பாதியில் எதிர்காலத்தில் தான் ஆகப்போகும் ஆள், நடுவில் ஒரு அம்புக்குறி. முன்னோரின் புகைப்படம் கட்டாயம். கையால் வரைந்த முன்னோர் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டார்கள்.

போட்டோ ஸ்டூடியோக்காரர் மகளுக்கு இதில் என்ன கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வகுப்பில் அவளுக்குப் பட்டப் பெயரே பிளாஷ். ஆனால் ஊரையெல்லாம் படம் எடுத்த தாத்தா தன் ஆயுள் முழுக்கக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவர். அவரை எடுத்த ஒரே படம், விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்க யாரோ அமுக்கியது. அதில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை இருந்தது.

“தாத்தா போட்டோகிராபர், அப்பா போட்டோகிராபர்னு எழுது. ஜோலி முடிஞ்சுது,” என்றார் அப்பா, கம்ப்யூட்டரில் யாருடைய காதையோ வெளிச்சமாக்கிக்கொண்டே.

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி யாரு கண்டா? பாஸ்போர்ட் ஆபீஸே நம்மகிட்ட அவ்வளவு கேக்கல.”

முதல் பெஞ்சுக்காரிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவள் அப்பா டாக்டர், தாத்தா டாக்டர், தாத்தாவின் அப்பாவும் டாக்டர். அவர்கள் வீட்டு நாய்க்குக்கூட வம்சச் சான்றிதழ் இருந்தது. பிளாஷுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா சாப்பிடப் போன நேரத்தில், கடையின் பின்னறைப் பரணில் ஏறினாள்.

பரணில் பதினேழு பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மீதும் வருடத்தை எழுதி, அதன் கீழே ‘வராதவர்கள்’ என்று தாத்தா எழுதியிருந்தார். கேமரா முன் உட்கார்ந்துவிட்டுப் போய், கழுவிய படத்தை வாங்க வராமலே போனவர்கள். தாத்தா கடைக்கு இரண்டே சட்டம் வைத்திருந்தார். ஒன்று, பணம் கட்டிய சீட்டு இல்லாமல் யாருக்கும் படத்தைக் கொடுக்கக் கூடாது. இரண்டு, மனுஷ முகத்தைக் குப்பையில் போடக் கூடாது. இந்த இரண்டு சட்டங்களும் சேர்ந்து பரணை நிரப்பிவிட்டன. அப்பா வருடத்துக்கு ஒரு முறை டப்பாக்களை இறக்கி, தூசி தட்டி, திரும்ப ஏற்றி வைப்பார். ஏன் என்று கேட்டால், “இருந்துட்டுப் போகட்டுமே, சோறா கேக்குது?” என்பார்.

பிளாஷ் நாலு படங்களைத் தேர்ந்தெடுத்தாள். நாலிலும் ஆண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் நின்றிருந்தார். ஆண் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். அது ஸ்டூடியோவின் கோட்டு. கோட்டு இல்லாதவர்களுக்காக ஆணியில் தொங்கியது. எந்த உடம்புக்கும் பொருந்தட்டும் என்று முதுகில் நீளமாகக் கிழித்து நாடா வைத்திருந்தார் தாத்தா. முன்னாலிருந்து பார்த்தால் கனவான்; பின்னாலிருந்து பார்த்தால் ஆபரேஷனுக்குப் படுக்கப்போகிறவர். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் பிளாஷுக்குத் தன் எதிர்காலமே தெளிவானது. நீதிபதி.

நாலு பேரையும் தன் நீதிபதி முன்னோர்களாக்கி, மனைவிகளை வெட்டி எடுத்தாள். நீதிபதிகள் தனியாக இருந்தால்தான் எடுப்பாக இருந்தது. ஒரு படத்தில் மட்டும் அந்த அம்மாள் கணவர் தோளில் கை வைத்திருந்தார். எப்படி வெட்டினாலும் நாலு விரல் தோளிலேயே நின்றது. பிளாஷ் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து விரல்களைக் கறுப்பாக்கிக் கோட்டோடு சேர்த்துவிட்டாள். வெட்டிய துண்டுகளைக் கடைக் குப்பைத்தொட்டியில் போட்டுக் கை தட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் குப்பை வண்டி வந்து போனது.

செவ்வாய்க்கிழமை வேன் மாமா சார்ட்டைச் சுருட்டியபடியே வாங்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார். ஆறு வருடமாகத் தினமும் ஸ்டூடியோ வாசலில் நிறுத்தி அவளை ஏற்றிப் போகிறவர். கேலி பண்ணாமல் அவருக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாது.

“பெரிசானா என்னவாப் போற பிளாஷு?”

“ஜட்ஜ்.”

“அடேங்கப்பா! ஏறுங்க ஜட்ஜம்மா. ஸ்கூல் பக்கத்துல ஹாரன் அடிச்சா எத்தனை வருஷம் உள்ள வைப்பீங்க?”

“உங்களுக்கு ஆயுள் தண்டனைதான் மாமா.”

“பசங்களா, கேட்டுக்கோங்க. நான் உள்ள போயிட்டா நாளையில இருந்து எல்லாரும் நடராஜா சர்வீஸ்!”

கண்காட்சியில் பிளாஷின் சார்ட் முன்னால் தலைமையாசிரியை வெகு நேரம் நின்றார். “நாலு பேருக்கும் ஒரே கோட்டு மாதிரி இருக்கே?”

“குடும்பக் கோட்டு மிஸ். ஒருத்தர் கழட்டினா அடுத்தவர் போட்டுக்குவார்.”

அந்த சார்ட்டில் இருந்த எதைவிடவும் இந்தப் பதிலில் உண்மை கூடுதலாக இருந்தது. தலைமையாசிரியை கண் கலங்கி, “இதெல்லாம் ரத்தத்துல ஊறி வரணும்,” என்று முதல் பரிசு கொடுத்தார். நீல ரிப்பனை ஸ்டேப்ளர் வைத்து முதல் நீதிபதியின் தலைக்கு மேல் அடித்தார்கள்.

பள்ளி விட்டதும் சார்ட்டைத் தூக்க வேன் மாமா ஹாலுக்கு வந்தார். “பரிசா! எங்க ஜட்ஜம்மா எனக்கு மிட்டாயி?” என்று குனிந்தவர், நிமிரவில்லை.

“இது எங்கப்பா,” என்றார்.

வழக்கமான கேலி என்று நினைத்தாள் பிளாஷ். “அப்ப நான் உங்களுக்குப் பேத்தி முறையா மாமா?” என்று சிரித்தாள். பிற்பாடு அவள் யோசிக்கும்போதெல்லாம் முதலில் காதில் விழுவது அந்தச் சிரிப்புதான்.

“மூக்கு ஓரத்துல மச்சம் பாரு. எங்கப்பாதான்மா!” வேன் மாமாவின் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. “மூட்டை தூக்குன மனுஷன், எப்ப ஜட்ஜானாரு? இத்தனை வருஷமா பத்திரமா வச்சிருந்தீங்களா? நான் என்னைக்கோ தூக்கிப் போட்டிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்!” அவர் விரல் படத்தின் ஓரத்துக்குப் போய், அங்கே வெட்டிய விளிம்பைத் தடவியது. “இந்தப் பக்கம் எங்கம்மா நின்னுச்சே? அம்மா எங்க?”

“வெட்டிட்டேன் மாமா.”

“சரி. வெட்டி எங்க வச்சிருக்க?”

வெட்டியதை யாரானாலும் எங்கேயாவது எடுத்து வைத்திருப்பார்கள் என்று அவர் நினைத்ததுதான் பிளாஷை அழவைத்தது.

மற்ற பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்ட பிறகுதான் வேன் மாமா பேசினார், சாலையைப் பார்த்தபடியே. “இது எடுத்தப்ப நானும் கூட இருந்தேன். அம்மா தோள்ல கை வச்சதுக்கு அப்பாவுக்குக் கூச்சம், நெளிஞ்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் அப்பா போயிட்டாரு, அடுத்த வருஷம் அம்மாவும் போயிடுச்சு. பத்து வயசுல உங்க கடைக்கு வந்து நின்னேன். உங்க தாத்தா நல்ல மனுஷன்தான், மிட்டாய் குடுத்தாரு. ‘சீட்டு எங்க தம்பி?’னு கேட்டாரு. சீட்டுக்கு நான் எங்க போவேன்?”

“அதுக்கப்புறம் நீங்க கேக்கவே இல்லையா மாமா?”

“ஒரு தடவை இல்லேன்னுட்டாங்கல்ல.”

கடையில் அப்பா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். மகளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. குப்பைத்தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அன்றைக்கு வெட்டிய பாஸ்போர்ட் ஓரங்கள்தான் விழுந்தன. பிறகு நெகட்டிவ் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பி, பாதி வழியில் நின்றுவிட்டார்.

“போன வருஷம் மாடிக் குழாய் ஒடைஞ்சு தண்ணி எறங்கிடுச்சு. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, செங்கல் மாதிரி ஆயிடுச்சு. அதுல முகமே தெரியலையேன்னு...” கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, “வேற போட்டோ ஏதாவது இருந்தாக் குடுங்கண்ணே, இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல பக்கத்துல நிக்க வச்சுடலாம்,” என்றார்.

“அம்மாவுக்கு இருந்ததே அது ஒண்ணுதாங்க. யாரு முகத்தை வைப்பீங்க?”

கம்ப்யூட்டர் திரையில் காது வெளிச்சமான ஆள் மட்டும் பதில் தெரிந்தவர் போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா சார்ட்டிலிருந்து படத்தைத் தண்ணீர் காட்டிப் பிரித்தெடுத்தார். விளக்கடியில் வைத்து, பஞ்சை நனைத்து, தோளை மெல்லத் துடைத்தார். கறுப்பு மை பஞ்சில் இறங்கியது. ஒரு விரல் தெரிந்தது. அடுத்தது. மூன்றாவது. நாலாவது விரலில் மட்டும் கத்தரிக்கோல் கீறியிருந்தது. அந்தக் கீறலுக்குள் போன மை வரவே இல்லை.

வேன் மாமா குனிந்து பார்த்தார். “கட்டை கட்டையான விரலுங்க. சோப்புப் போட்டு என் தலையைத் தேய்ச்சா கண்ணுல தண்ணி வந்துடும். அம்மாதான்,” என்றார்.

அப்பா படத்தை உறையில் போட்டார். பழக்க தோஷத்தில் கை சீட்டுப் புத்தகத்தின் மேல் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டு, உறையை இரண்டு கையாலும் நீட்டினார். “அன்னைக்கே குடுத்திருக்கணும்,” என்றார்.

“விடுங்க. இதாவது கெடச்சுதே,” என்றார் வேன் மாமா. அந்த ‘ஆவது’ பிளாஷின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் பிளாஷ் தலைமையாசிரியை மேஜையில் நீல ரிப்பனை வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். அவர் ரிப்பனை எடுத்து, அடுத்த சார்ட் எது என்று பட்டியலைப் பார்த்தார். அது டாக்டர் வம்சத்துக்குப் போனது. பிளாஷுக்கு அதில் வருத்தமே வரவில்லை. வருத்தம் வேறு இடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது.

ஸ்டூடியோ வாசலில் வேன் இன்றும் அதே நேரத்துக்கு நிற்கிறது. வேன் மாமாவுக்குக் கோபம் எதுவும் இல்லை. பையை வாங்கி வைக்கிறார், கதவைச் சாத்துகிறார், மற்ற பிள்ளைகளைக் கேலி பண்ணுகிறார். அவளிடம் மட்டும், “ஏறும்மா,” என்கிறார். ஜட்ஜம்மா, ஹாரன், ஆயுள் தண்டனை எதுவும் கிடையாது. ஒரு தடவை திட்டிவிட்டாவது பழையபடி பேசமாட்டாரா என்று அவள் தினமும் படியில் ஒரு நொடி கூடுதலாக நிற்கிறாள்.

பெட்ரோல் பங்க் திருப்பத்தில் காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அங்கே வேன் மாமா தலைக்கு மேலிருக்கும் வெயில் மறைப்பைக் கீழே இறக்குவார். அதில்தான் செருகி வைத்திருக்கிறார். கோட்டுப் போட்ட மனுஷன் கூச்சத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவர் தோளில், வெட்டிய விளிம்புக்கு அப்பாலிருந்து வந்த நாலு விரல்கள், ஒன்று கறுப்பாக. மற்ற பிள்ளைகள் வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொள்வார்கள். வகுப்பே பிளாஷ் என்று கூப்பிடும் அவளுக்கு மட்டும் அந்தத் திருப்பத்தில் கண் இமைக்க வருவதில்லை.