மடக்கிய கால்

...இல்லை, இன்றைக்கும் யாரும் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இந்த மேசைமேல் தலையைச் சாய்த்து கொஞ்சம் கண் மூடினால் போதும் என்றிருந்தது ஃபிஜித் தீவு ஆஸ்பத்திரி டாக்டர் டொரிக்காவுக்கு. டாக்டர்கள் சாகும்வரை படித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், மாதம் ஒரு நோயாளியின் கதையை வைத்துக்கொண்டு தீவுக்கு ஒருவராகத் திரையில் கூடி மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டுமாம், அப்போதுதான் பதிவைப் புதுப்பிப்பார்களாம். என்ன குடைச்சல்? கதையோடு திரையில் காட்டும் கடைசிப் படத்தில் விடை இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பயமில்லாமல் யூகிப்பார்கள், தப்பானால் சிரிப்பார்கள். இன்று அவள் முறை. அவளிடம் கடைசிப் படமே இல்லை. கதையின் நாயகன் இலைத்தியா பக்கத்து வார்டில் கொதித்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

சேம்பு பயிரிடுகிறவன், வெள்ளத்துக்குப் பிறகு வந்த காய்ச்சல், எலிக்காய்ச்சலாக இருக்கும், இல்லையென்றால் டைபாய்டு, இரண்டுக்கும் ஒரே ஊசி, ஆகவே யோசிக்கவே வேண்டாம் என்று போட்டாயிற்று... காய்ச்சல் காலையில் இறங்குகிறது, சாயங்காலம் ஏறுகிறது. அவன் பெண்டாட்டி மக்கெரெட்டா பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டாள். "நாளைக் கப்பல்ல ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன் டாக்டரம்மா. குத்திக் குத்திப் பாத்தாச்சு, காய்ச்சல் போற மாதிரி தெரியல." போனால் அவன் திரும்பி வரமாட்டான். இது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது, என்ன நோய் என்பது தெரியவில்லை, இதற்காகவா இத்தனை வருடம் படித்தது?

"எலிக்காய்ச்சல்தான் டொரிக்கா, உங்க ஃபிஜி எலிங்களுக்கு என்ன வெக்கமா?" என்றான் டோங்காவிலிருந்து பீட்டா, எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துவைத்தாள். பிரிஸ்பேனில் இருந்து கூட்டத்தை நடத்துகிற ஹெலன் அம்மா கேட்டாள், எங்கயாவது வலி இருக்கா? "இல்ல மேடம், தினமும் கேக்குறேன்." சரி, கடைசிப் படத்தைப் போடு, விடை என்ன? "விடை இல்ல மேடம். ஆள் இன்னும் வார்டுலதான் இருக்காரு." அவ்வளவுதான், அதுவரை வாய் கிழியப் பேசியவர்கள் எல்லாம் மென்று விழுங்கினார்கள், இன்னொரு ரத்தப் பரிசோதனை, முடிந்தால் ஸ்கேன், பார்த்துச் செய்... பீட்டாகூட எலியை விட்டுவிட்டான். கோபம்கூட வரவில்லை, அவளும் அப்படித்தான் பேசியிருப்பாள்.

கால் கடுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மேசைக்கடியில் இரண்டு கால்களையும் நன்றாக நீட்டினாள், என்ன சுகம்... அப்போது தேநீர் ஊற்றிக்கொள்ள உள்ளே வந்தார் மூத்த சர்ஜன் இனோக்கே. அவர் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் அவள் கால்கள் தாமாக மடங்கிக்கொண்டன. பெரியவர்கள் பக்கம் காலை நீட்டினால் முழங்காலில் ஒரு தட்டு விழும், அப்படி வளர்ந்த உடம்பு, மூளையைக் கேட்பதில்லை. இலைத்தியாவும் அப்படித்தான், எப்போது போனாலும் போர்வைக்குள் முழங்கால் மடங்கியிருக்கும், இந்தக் காய்ச்சலிலும் எவ்வளவு மரியாதை, வளர்த்தவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று அவளே நர்ஸிடம் மெச்சியிருக்கிறாள்... ஆனால் இடது கால் நீட்டியிருந்ததே. வலதுதான் மடங்கியிருந்தது. மரியாதை ஒரு காலுக்கு மட்டுமா? இன்று காலை கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது தூங்கிக்கொண்டிருந்தானே, யாரும் அருகில் இல்லையே, அப்போது யாருக்காக மடக்கினான்? முதுகெலும்பை ஒட்டி இடுப்புக்குள் இறங்கும் தசையில் சீழ் கட்டினால் அந்தக் காலை நீட்ட முடியாது, மாணவியாக இருந்தபோதே படித்த பாடம், எவனாவது வெளியூர்க்காரன் வார்டுக்குள் வந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான், இவன் ஏன் இப்படிப் படுத்திருக்கிறான் என்று. திரையில் ஹெலன் அம்மா நன்றி சொல்லிக்கொண்டிருக்க, செருப்பைத் தேடிக் கால் நுழைத்து வார்டுக்கு நடந்தாள், ஓடத் தெம்பில்லை.

"வலது காலை நீட்டுங்க இலைத்தியா." "உங்க முன்னாலயா? வேணாம் டாக்டரம்மா, நல்லாருக்காது." சிரித்தான். அவள் அவன் முழங்காலில் கை வைத்து மெதுவாகக் கீழே அழுத்தினாள், அவன் விரல்கள் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டன, நெற்றி வேர்த்தது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "வலிக்குதா?" "இல்ல டாக்டரம்மா." இந்த 'இல்லை'யைத்தானே எல்லாத் தீவுகளுக்கும் போட்டுக் காட்டினாள், அவன் இல்லை என்றபின் திருப்பிக் கேட்பது மரியாதையில்லை என்று அவளும் ஒருநாளும் கேட்கவில்லையே... "பாயை அவிழ்த்துடும்மா," என்றாள் மக்கெரெட்டாவிடம், "நாளைக்குப் போக வேணாம். இனோக்கே ஐயா வந்து பாக்கணும்." அவள் ஏன் என்று கேட்டாள். பதில் சொல்ல டொரிக்கா திரும்பியபோது அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் அவளைப் பார்த்துச் சட்டென்று இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டார். வலி எதுவும் இல்லை என்று காலையில் அவரும்தான் சொல்லியிருந்தார்.