லாட மேசை

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. மார்லா ஷ்ராடர் தன் முதல் வகுப்பு அறையில், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெள்ளைக் குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தாள். வளைந்த குழாய் இரண்டை ஒன்றோடொன்று செருகினால் பழைய டெலிபோன் ரிசீவர் மாதிரி ஒன்று தயார். பிள்ளை ஒரு முனையில் வாய் வைத்துக் கிசுகிசுத்தால் மறுமுனையில் அதன் குரல் அதற்கே கணீரென்று கேட்கும். எழுத்துக்கு ஒலி பழகும் பிள்ளைக்கு இதைவிடத் தோதான சாமான் கிடையாது.

காலையில் இரும்புக் கடைக்காரர், "எந்த பாத்ரூம் ஒழுகுது மார்லா?" என்று கேட்டிருந்தார்.

"ஒண்ணும் ஒழுகல. பிள்ளைங்க படிக்கிறதுக்கு."

"குழாய்லயா படிக்கிறாங்க? சரிதான். எங்க காலத்துல நாங்கெல்லாம் புத்தகத்துலதான் படிச்சோம்."

ஒரு குழாயைக் காதில் வைத்து, "ஹலோ மார்லா" என்று சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே கேட்டது. அன்றைக்கு அவளிடம் பேசிய முதல் ஆள் கடைக்காரர், இரண்டாவது ஆள் அவளேதான். கணவன் ரஸ் போன வருஷமே, தன் முழங்காலுக்கு அரிசோனா வெயில்தான் நல்லது என்று சொல்லி நாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நாய்க்குமா முழங்கால் வலி என்று கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அதெல்லாம் எங்கே தோன்றுகிறது?

ஆக, அவளுக்கு மிஞ்சியது இந்த அறைதான். ஜன்னலோரம் குழாய் மூலை. அதற்கு அடுத்து, விரலால் எழுத மணல் தட்டு. கேக் சுடும் தகரத்தில் காந்த எழுத்துகளை ஒட்டிச் சொல் கட்டும் இடம் ஒன்று. சேர்ந்து படிக்க இருவர் பெஞ்சு ஒன்று. நட்டநடுவில் லாட மேசை. குதிரை லாடம்போல் வளைந்த அதன் உள்வளைவில் டீச்சர் உட்காருவாள், பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். மணி அடித்தால் எல்லோரும் அடுத்த மூலைக்கு நகர வேண்டும். தடுமாறுகிற பிள்ளைக்கு லாட மேசை தினமும் உண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு வியாழக்கிழமை மட்டும். நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்தப் பக்கத்தில் எல்லாப் பள்ளிகளிலும் இதுதான் நடைமுறை. மார்லாவும் அதில் தப்பு இருப்பதாக நினைத்ததில்லை.

பள்ளி திறந்தது. டெலானி அந்த வருஷம் வந்தவள். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள். அவள் அம்மா, சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் கிழங்கை ஆலைக்குக் கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறவள், அதுவும் ராத்திரி ஷிஃப்ட். அறுவடை முடிகிற மட்டும் பிள்ளைக்குப் படுக்கை பக்கத்து வீட்டு சோபாவில்தான். முதல் பரீட்சையிலேயே டெலானி தடுமாறினாள். அந்தப் பரீட்சையில் வாப், மிக், டெஃப் என்று அர்த்தமே இல்லாத சொற்கள்தான் இருக்கும், மனப்பாடம் பண்ணிவிட்டு யாரும் ஏமாற்ற முடியாதபடி. அதனால் லாட மேசையில் அவளுக்குத் தினமும் இடம் கிடைத்தது. டீச்சருக்கு மிகப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். படிக்கும்போது அவள் முழங்கை மார்லாவின் ஸ்வெட்டர் கையில் சாய்ந்தே இருக்கும். வீட்டில் யாரும் அந்தக் கையைத் தொட்டு எத்தனையோ நாளாயிற்று என்பது அப்போதுதான் மார்லாவுக்கு உறைத்தது.

வாரங்கள் போயின. மற்ற பிள்ளைகள் தேறிவிட்டார்கள், டெலானி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனி அறையில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் போனி கெய்ஸ் ஒருநாள் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அடுத்த பரீட்சையும் இப்படியே வந்தா அவளை என் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன் மார்லா. வருஷம் முழுக்க. அதுலயும் தேறலன்னா திரும்ப முதல் வகுப்புதான்."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாமே."

"நீ பாத்தது போதும்."

அந்த வாரமே ஒரு மாலையில், பக்கத்து வீட்டுக்காரி அழைத்துப் போக வரும்வரை டெலானி குழாய் மூலையில் உட்கார்ந்திருந்தாள். மார்லா அலமாரிக்குப் பின்னால் மணல் தட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கிசுகிசுவென்று ஒரு குரல் கேட்டது. முள்ளம்பன்றி சூப் வைக்கிற கதை அது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே திணறுகிற புத்தகம். டெலானி முள்ளம்பன்றிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல் போட்டு, ஓர் இடத்தில்கூடத் தடுக்காமல் கடைசிவரை படித்தாள். மார்லா ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மறுநாள் லாட மேசையில் அதே பிள்ளை மூன்றெழுத்துச் சொல்லில் திக்கித் திணறினாள். அடிக் கள்ளி!

அப்போதே போனியிடம் சொல்லியிருக்க வேண்டும். மார்லா சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று தள்ளிப்போட்டாள். அந்த முழங்கையின் சூடு அவளுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஒரு குழந்தையின் படிப்பைப் பணயம் வைத்துத் தன் தனிமையை ஆற்றிக்கொள்கிறோம் என்று தெரிந்தே செய்தாள். தெரிந்தே செய்ததால் ராத்திரியில் தூக்கமும் கெட்டது.

பரீட்சைக்கு முந்தின நாள் மதியம், மற்ற பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, டெலானியைக் கூப்பிட்டாள்.

"முள்ளம்பன்றி சூப்ல என்ன போட்டுச்சு டெலானி?"

"டர்னிப் கிழங்கு." சொன்ன பிறகுதான் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படத்துல பாத்தேன்."

"படத்துல மூடி போட்ட பானைதான் இருக்கு."

டெலானி மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "நல்லா படிச்சா என்னையும் இட்ஸெல் மாதிரி நல்லா படிக்கிறவங்க குரூப்புல போட்டுடுவீங்க. அவங்ககூட நீங்க உக்காரவே மாட்டீங்க."

"வியாழக்கிழமை உக்காருவேனே."

"ஒரு நாள்தானே." சுரண்டுவதை விடாமல், "வீட்டுலயும் அம்மா தூங்கிட்டே இருப்பாங்க. எழுப்பக் கூடாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி எப்பவும் டிவி பாப்பாங்க" என்றாள்.

இந்தப் பிள்ளையைக் கண்டிக்கத் தனக்கு என்ன யோக்யதை இருக்கிறது என்றுதான் மார்லாவுக்குத் தோன்றியது. "நாளைக்கு ஒழுங்கா படிச்சுடு கண்ணு. இல்லன்னா மிஸஸ் கெய்ஸ் உன்னை அவங்க ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் வியாழக்கிழமையும் கிடையாது."

"நான் படிச்சா உங்களுக்குச் சந்தோஷமா?"

"ஆமா" என்றாள் மார்லா.

மறுநாள் போனி வைத்த பரீட்சையில் வாப், மிக், டெஃப் எல்லாவற்றையும் டெலானி மடமடவென்று படித்துத் தள்ளினாள். போனி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளை போன பிறகு கேட்டாள்.

"என்ன மார்லா இது? உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ரெண்டு வாரமா."

"தெரிஞ்சுமா சொல்லல? ஏன்?"

"என் பக்கத்துல உக்காந்திருந்தா."

போனி தாள்களை அடுக்கினாள். "திங்கக்கிழமையே குரூப்பை மாத்திடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் வாரம் டெலானி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இட்ஸெலோடு இருவர் பெஞ்சில் உட்கார்ந்தாலும் முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். வியாழக்கிழமை லாட மேசைக்கு வந்தபோது நாற்காலியை வேண்டுமென்றே தள்ளிப் போட்டுக்கொண்டாள். மார்லா பொறுத்துக்கொண்டாள். கோபப்படுகிற அளவுக்குத் தன்மேல் ஒரு ஜீவனுக்குப் பிரியம் இருக்கிறதே என்பதில் அவளுக்கு ஒரு அல்ப ஆறுதல்கூட.

அடுத்த வியாழக்கிழமை மார்லா காலையிலேயே தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்தாள். டெலானிக்கு என்றே புதிதாக ஒரு புத்தகம் வாங்கியிருந்தாள். நேரம் வந்ததும் குழுவைக் கூப்பிட்டாள். இரண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பெஞ்சில் டெலானியும் இட்ஸெலும் ஒரே புத்தகத்தின்மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு, ஆளுக்கொரு குரல் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"டெலானி, இட்ஸெல், வாங்க."

டெலானி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "இப்பவே வரணுமா மிஸஸ் ஷ்ராடர்? கரடி கிணத்துக்குள்ள விழுந்துடுச்சு. பாதியில இருக்கோம்."

"ஆமா மிஸஸ் ஷ்ராடர், ப்ளீஸ்" என்றாள் இட்ஸெல்.

"சரி. முடிச்சுட்டு வாங்க" என்றாள் மார்லா.

கரடி கிணற்றைவிட்டு ஏறி வர நேரமாயிற்று. மற்ற இருவரையும் மார்லா படிக்கவைத்தாள். கொஞ்சம் தாமதித்துப் பார்த்தாள். ஆனால் மணி அடிக்க வேண்டியவளும் அவள்தானே. அடித்தாள். டெலானியும் இட்ஸெலும் சிரித்துக்கொண்டே எழுந்து அடுத்த மூலைக்கு ஓடினார்கள். டெலானி திரும்பிப் பார்க்கவில்லை. இதற்குத்தானே பாடுபட்டாய் என்று மார்லா தனக்குள் சொல்லிக்கொண்டு, அடுத்த குழுவைக் கூப்பிட்டாள்.