மூன்றாம் ஓலை

என் வீட்டுக்காரர் குருப்பட்டம் வாங்கி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. முதல் சபையில் ஒழுகும் கூரைக்காகப் பேராயரிடமே மல்லுக்கு நின்றவர். இரண்டாவது சபையில் தலையாட்டக் கற்றுக்கொண்டார். மூன்றாவதில், பேராயரின் கார் வந்து நின்றால் கதவைத் திறந்துவிட ஓடினார். இப்போது நகரத்துப் பெரிய கோயில். அவருடைய வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போடும்போதெல்லாம், துணி மட்டும்தான் வெள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். ஏழு வருடத்துக்கு முன் பழைய சபையில் பேராயரின் மகனுக்கு அவளைச் சத்தமில்லாமல் கட்டிவைத்தவர் இவர்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். இப்போது அந்த உத்தமபுத்திரன் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியைக் கட்டப்போகிறான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். முதல் ஓலை வாசித்தாயிற்று. அவளிடம் அத்தாட்சியாக இருந்தது அந்தக் கல்யாணச் சான்றிதழ் ஒன்றுதான். பேராயரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று இவர் வாங்கிக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து, பேராயருக்கு அடுத்த பதவி தனக்குத்தான் என்றார்.

"அந்தப் பொண்ணோட சான்றிதழ் எங்க?" என்று கேட்டேன்.

"சபையோட மானம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார், சாப்பிட்ட விரலை நக்கிக்கொண்டே. தூ, இவரோடுதான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. பேராயர் தம் நாற்காலியில் இருந்தார். இவர் ஓலையை வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று கணீரென்று கேட்டார். கடைசி பெஞ்சில் அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கு இருக்குங்கய்யா. என்னை அவருக்குக் கட்டி வெச்சதே நீங்கதான். அம்மாதான் சாட்சி, அவங்களைக் கேளுங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

"நூத்தி பன்னிரண்டாம் பாட்டு. எல்லாரும் எழுந்து நிப்போம்," என்றார்.

ஆர்கன் முழங்கியது. சபை மொத்தமும் எழுந்தது. தனியாக நின்றவள், நிற்கிற கூட்டத்தில் ஒருத்தியாகிக் காணாமல் போனாள். நான் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். வாயைத் திறந்து ஆமாம் என்றிருக்கலாம். ஆனால் முன் பெஞ்சும், பங்களாவும், ஊர் கொடுக்கும் மரியாதையும் கண் முன்னால் வந்து நின்றன. நானும் எழுந்து புத்தகத்தைப் பிரித்தேன். நாலு சரணத்தையும் பாடினேன்.