அடுத்த கேள்வி கேளுங்க அக்கா

1

இந்தக் கதை என் வீட்டுக் குளியலறையின் காற்றுத்துளை வழியாக வந்தது. கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் ஆழ்மனம், அனுபவம் என்று ஏதேதோ சொல்வார்கள். எனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டுக் குளியலறைக்கும் எங்களுடையதற்கும் நடுவே ஒரே சுவர். சுவரின் உச்சியில் ஒரு துளை.

"வணக்கம். என்னைப் பத்திச் சொல்லணும்னா..." என்றது ஒரு குரல். பிறகு தண்ணீர் விழும் சத்தம். "வணக்கம் சார். என்னைப் பத்திச் சொல்லணும்னா..." மறுபடியும் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

நான் ஒட்டுக்கேட்கவில்லை. காதில் விழுந்தது. (விழுவதற்கு வசதியாக வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தேன், அவ்வளவுதான்.)

2

எப்படி ஆரம்பிப்பது என்று நானும் குளியலறைக் குரல் மாதிரியே தடுமாறினேன்.

"மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், அவள் தன் கனவுகளைச் சுமந்துகொண்டு..." (மழை பெய்யவில்லை. அவள் சுமந்தது துணிக்கூடை.)

"வாழ்க்கையே ஒரு நேர்காணல் என்று..." (இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். அவருடைய தங்கை, புருஷனை விட்டுவிட்டுச் சின்ன மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். தாயும் மகளும் ஹாலில் மெத்தை விரித்துப் படுக்கிறார்கள். தெருமுனைச் சலவைக்கடைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை காலியாக இருக்கிறது. தனி வாசல், தனிப் பூட்டு. வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் தருவேன் என்கிறார் வீட்டுக்காரர். ஆகவே தங்கச்சிக்கு வேண்டியது வேலை. வேலைக்கு உள்ளே இருப்பது அந்தப் பூட்டு.

அண்ணியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அவளைக் கொடுமைக்காரியாக எழுதினால் கதை தன்னால் ஓடும். ஆனால் அவள் அப்படி இல்லையே! விடிகிற நேரத்தில், மெத்தையைத் தாண்டி அடுப்படிக்குப் போகும்போது ஒரு பெருமூச்சு விடுவாள். பெரிய பெருமூச்சுகூட இல்லை.*

* பெருமூச்சு காற்றுத்துளை வரை வராது. இது நான் விடியற்காலையிலேயே உறைமோர் வாங்கப் போனபோது நேரில் சேகரித்தது.

3

வேலை, துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில். இயந்திரம் நின்றுபோனவர்கள் போன் செய்து கத்துவார்கள். கத்தலுக்குள்ளிருந்து விஷயத்தைப் பிடுங்கி மெக்கானிக்கிடம் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் தங்கச்சி இதே மாதிரி ஒரு வேலையில் இருந்தவள்தான். அதற்கப்புறம் நாலு வருஷம் வெற்றிடம்.

விண்ணப்பத்தை அண்ணன் எழுதிக்கொடுத்தார். பாசமான மனுஷன். நான் போன நேரத்தில் அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்: "நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர். அமைதியான சுபாவம். பெரியவர்களிடம் மரியாதை உள்ளவர். கெட்ட பழக்கங்கள் கிடையாது. எந்தச் சூழ்நிலையிலும் அனுசரித்துப் போவார்."

அண்ணி கேட்டாள், "இது எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கே?"

"நல்லா எழுதினா அப்படித்தான் இருக்கும்."

"அண்ணா," என்றாள் தங்கச்சி, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே. "போன தடவையும் இதையேதான் எழுதி அனுப்பினே. மாப்பிள்ளை வீட்டுக்கு."

அண்ணன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், அங்கே வேறு ஏதாவது பதில் இருக்குமோ என்பதுபோல. அவர் வாழ்க்கையில் இன்னொருவரைப் பற்றி எழுதியது அந்த ஒரு தடவைதான். வேறு நடை அவருக்கு எங்கிருந்து வரும்?

"அனுசரித்துப் போவார்ங்கிறதை மட்டும் முதல்ல அடி," என்றாள் தங்கச்சி.

அடித்தார். பிறகு மிச்சத்தையும் அவளே அடித்துவிட்டு, பழைய வேலையில் தான் என்னென்ன செய்தாள் என்பதை ஒவ்வொன்றாக எழுதினாள். கத்துகிறவர்களைக் கத்தி முடிக்க விட்டது, மெக்கானிக் தப்பான வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது, இப்படி. குடும்பம், சுபாவம் எதுவும் இல்லை. படித்துப் பார்த்தால் யாரோ ஒரு கெட்டிக்காரி தெரிந்தாள். (எனக்கே, இவளா அவள் என்று இருந்தது.)

நேர்காணலுக்கு வரச்சொல்லிப் பதில் வந்துவிட்டது.

4

இந்த இடத்தில் ஆசிரியர் தானே கதைக்குள் நுழைவது நாகரிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. ஆனால் நான் எந்த வீட்டுக்குள் அழைப்பின்பேரில் போயிருக்கிறேன்?

"வெறும் கண்ணாடிகிட்ட பேசினா எப்படிம்மா? நான் மேனேஜரா உக்கார்றேன். நீ பதில் சொல்லிப் பழகு," என்றேன்.

"கண்ணாடிகிட்ட பேசறது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

என் வீட்டு இஸ்திரிப் பலகையை நடுவில் போட்டு, அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவள். உட்கார்ந்த உடனே எனக்கு ஓர் உண்மை விளங்கியது. நேர்காணல் என்பது அடுத்த வீட்டு விஷயத்தை மேசை போட்டுக் கேட்பது. இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களாம். நான் இத்தனை காலம் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறேன்!

"நடுவுல நாலு வருஷம் என்ன பண்ணினீங்க?"

"குடும்பப் பொறுப்பு இருந்துச்சு, மேடம்."

"என்ன பொறுப்பு? மாமியார் கூடவா இருந்தாங்க? அவர் குடிப்பாரா?"

"இதெல்லாமா கேப்பாங்க?"

"கேட்டாலும் கேப்பாங்க. தயாரா இருக்கணும்ல?"

(கேட்க மாட்டார்கள். வாசகருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவள் ஏன் வந்தாள் என்பது இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. வேறு எந்தச் சாக்கில் நான் கேட்பேன், சொல்லுங்கள்.)

தினமும் அதே கேள்வியை வேறு வேறு சட்டை மாட்டி அனுப்பினேன். முதலில் திணறினாள். ஒருநாள் கண் கலங்கினாள். நான் நல்லவள், அன்று காபி போட்டுக் கொடுத்தேன். அப்புறம் மெல்ல மெல்ல அவள் குரலுக்கு ஒரு முதுகெலும்பு வந்தது. கடைசியில் ஒருநாள், கண் சிமிட்டாமல் சொன்னாள்:

"ஒரு இடத்துல இருந்தேன். சரிப்பட்டு வரல. கிளம்பிட்டேன். இப்ப வேலைக்குத் தயாரா இருக்கேன்."

"எந்த வகையில சரிப்பட்டு வரல?"

"அடுத்த கேள்வி கேளுங்க அக்கா."

பிரமாதமான பதில். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

5

நேர்காணல் அறைக்குள் நான் போகவில்லை. ஆகையால் இந்தப் பகுதி அவள் திரும்பி வந்து எங்களிடம் சொன்னது. மேனேஜரின் வழுக்கை மட்டும் என் சரக்கு.

உள்ளே ஒரு வழுக்கைத் தலை மேனேஜர், கூட ஒரு கண்ணாடி போட்ட பெண்மணி. மேனேஜர் கோபக்கார வாடிக்கையாளராக நடித்துக் காட்டினாராம். "உங்க மெஷின் வீடு பூரா தண்ணி விட்டுடுச்சு! என்ன கம்பெனி நடத்துறீங்க?"

"நான் என்ன கேட்டேன் தெரியுமா?" என்றாள் தங்கச்சி. "ஐயோ, தரையெல்லாம் ஈரமாயிருக்குமே, யாருங்க துடைச்சது, அப்படின்னேன்."

"இது என் கேள்வி!" என்று நான் எழுந்தேவிட்டேன்.

"உங்க கேள்விதான்கா. உக்காருங்க. அவர் பாவம், நடிப்பை மறந்துட்டு, நான்தான் துடைச்சேன்னுட்டாரு. தனியாவான்னேன். ஆமான்னாரு. அப்படி என்னதான் உள்ள போட்டீங்கன்னேன். பையனோட ஃபுட்பால் ஷூவைச் சேறோட போட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. அந்த அம்மா சிரிச்ச சிரிப்புல கண்ணாடி கழண்டுடுச்சு."

அண்ணன் கைதட்டினார். அண்ணி, "அந்த நாலு வருஷம்?" என்றாள்.

"கேட்டாங்க. பழகின பதிலைச் சொன்னேன். மேனேஜர் தலையாட்டிட்டாரு. அந்த அம்மா மட்டும் பேனாவைக் கீழ வெச்சுட்டு, 'விவரம் சொல்லணும்னு இல்ல. சரிப்பட்டு வரலைன்னீங்களே, இப்ப பத்திரமா இருக்கீங்களா?'ன்னு கேட்டாங்க."

அண்ணன் தரையைப் பார்த்தார். ஒரு வருஷமாக எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

"நீ என்ன சொன்னே?" என்றேன். என் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக வந்தது.

"எல்லாத்தையும் சொன்னேன்."

"எல்லாத்தையுமா? முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டயா? நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன்டி!"

"அதான்கா," என்றாள், ரொம்பப் பிரியமாக.

6

இனி முடிவு. இரண்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று: வேலை கிடைத்துவிடுகிறது. சலவைக்கடைக்குப் பின்னால் புதுப் பூட்டு. அண்ணி பெருமூச்சு விடுகிறாள், இந்தத் தடவை ஹால் வெறிச்சென்று இருப்பதால். (அழகாக இருக்கிறது. ஆனால் நேர்காணலில் மனசைத் திறந்தால் வேலை நிச்சயம் என்று யாராவது நம்பித் தொலைத்தால்?)

இரண்டு: கிடைக்கவில்லை. வாடிக்கையாளரோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வாள் என்று எழுதிவிடுகிறார்கள். அவள் மறுபடி... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.)

நடந்தது இதுதான். இன்று காலை அவளுக்குப் போன் வந்தது. ஹாலில் எடுக்காமல், குளியலறைக்கும் போகாமல், வாசற்படி இறங்கினாள். வாசலில் தற்செயலாக நின்றிருந்த என்னைப் பார்த்ததும் ஒரு கையை உயர்த்தினாள். இரு என்றா, வராதே என்றா, தெரியவில்லை. தெருவில் அண்ணனின் வேனுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். என் ஜன்னலிலிருந்து வேனுக்கு அடியில் அவள் கால்கள் மட்டும் தெரிகின்றன. நடக்கின்றன. நிற்கின்றன. ஒரு கால் இன்னொரு காலை மிதித்துக்கொள்கிறது.

இறங்கிப் போனால் தெரிந்துவிடும். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். ஆனால் போய் என்ன கேட்பேன் என்று யோசித்தேன். என்னிடம் இருப்பதெல்லாம் பழைய கேள்விகள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

முகம் சுளிக்காதீர்கள். அடுத்த வீட்டுக் கதையை இதுவரை படித்தவர் நீங்கள்; என்னைவிட நீங்கள் ஒன்றும் குறைந்தவரில்லை. போன் பேசி முடித்து அவள் வேனைச் சுற்றிக்கொண்டு வருவாள். உங்களை அவளுக்கு முன்னப்பின்ன தெரியாது. அது ஒரு வசதி. நீங்கள் போய்க் கேளுங்கள்.

வேலையைப் பற்றி முதலில் கேட்காதீர்கள்.