பாலைவனத்தில் ஒற்றைச் சப்பாத்து

நோர்பரி வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் குகதாசன் அந்தச் சப்பாத்துக் கதையை எடுத்துவிடுவார். இரண்டாயிரத்து ஆறில் அவரும் மனைவி சுலோச்சனாவும் அரிசோனாப் பாலைவனத்தில், படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டர்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பத்து நாள் சுற்றினார்கள். முதல் நாள் கேம்ப்சைட்டில் மனுசன் வீட்டுப் பழக்கத்தில் சப்பாத்தைக் கதவடியில் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். விடிய ஒன்றுதான் கிடந்தது. மற்றதை நரி கொண்டுபோய்விட்டது. அடுத்த டவுன் வரும்வரை சுலோச்சனாவின் ரோஸ் செருப்பைக் கொழுவிக்கொண்டு திரிந்தார்.

கதைக்குச் சுலோச்சனாவும் சிரிப்பாள். முடிவில், இனி அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன் என்பாரே, அதுதான் அவளுக்குப் பொறுக்காது. அந்த இடமென்றால் அவளுக்கு உயிர். சிவந்த மலைகள், பக்கத்து வண்டிக் கிழவி கொண்டுவந்த பீன்ஸ், பதிலுக்கு இவள் கொடுத்த கத்தரிக்காய்க் குழம்பு, ஷிப்ட் என்ற பேச்சே இல்லாத பத்து நாள். இன்னொருமுறை போவோம் என்று மூன்று வருசமாய்க் கெஞ்சுகிறாள். மனுசன் மசியவில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் ஹரோவிலிருந்து விஜயனும் மாலினியும் சாப்பிட வந்திருந்தார்கள். தாங்களும் அரிசோனாப் பக்கம் போக எண்ணியிருக்கிறோம், எந்தக் கேம்ப்சைட் நல்லது என்று விஜயன் கேட்டதுதான் தாமதம், சப்பாத்து புறப்பட்டது. சுலோச்சனா எழுந்து குசினிக்குப் போனாள். கதையை முடித்த குகதாசன் கோப்பைகளோடு பின்னால் வந்தார்.

"ஒரு சப்பாத்துக்காக இவ்வளவு பிடிவாதமோ?" என்றாள்.

அவர் கதவைச் சாத்தினார்.

"சப்பாத்து இல்லை, சுலோ. ஏழாம் நாள் வண்டி ஓட்டேக்க எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரமா நிப்பாட்டிப்போட்டு, களைப்பு எண்டு உமக்குப் பொய் சொன்னனான். உமக்கு வண்டி ஓடத் தெரியாது. எனக்கு ஏதும் நடந்திருந்தா, அந்த வெளியில நீர் தனிய என்ன செய்திருப்பீர்?"

அன்று நேரம் போகிறதென்று அவரை நச்சரித்தது அவளுக்கு நினைவு வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஊரையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டு இதை மூடி மறைத்திருக்கிறாரே, கல்லுளிமங்கன்! டொக்டரிடம் காட்டினீர்களா என்று அதட்டினாள். பிரஷராம், அப்போதே குளிசை தொடங்கியாயிற்றாம். அதையும் விட்டமின் என்றுதான் இவளுக்குச் சொல்லியிருக்கிறார்.

சுலோச்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"மாலினி, உமக்குக் கார் பழக்கின மனுசன்ரை நம்பரைத் தாரும். நாளைக்கே தொடங்கப்போறன்."