பின் இருக்கையில் மாவு

"அப்பா, மாவை கார்ல வெக்கணும்," என்றாள் குண்டூசி.

முழங்கை வரை மைதாவோடு நின்றுகொண்டிருந்தேன். எந்தக் காரில், எதற்கு என்று விளங்கவில்லை. அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று, எவர்சில்வர் பானையின் வாயை ஈரமான வெள்ளைத் துணியால் மூடி, பானையின் கழுத்தில் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வெயிலில் நிற்கும் கார், கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும், அப்போதுதான் மாவு உப்பும், அம்மா அப்படித்தான் வைப்பாள் என்றாள். இது எனக்குத் தெரியாது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

குண்டூசி என் மகள். பிறந்தபோது உடம்பு நூலாகவும் தலை பெரிதாகவும் இருந்ததால் அவள் அம்மா வைத்த பெயர். இப்போது இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். உடம்பு தலையை எட்டிப் பிடித்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

போன வருடம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் காருக்குள் ஒரு புளித்த வாடை அடிக்கும். ஏசிக்குள் எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் டேஷ்போர்டையே கழற்றிப் பார்த்தார். எலி இல்லை, சார், உங்க மனசுலதான் இருக்கு என்று சொல்லி எலுமிச்சை வாசனை டப்பா ஒன்றை மாட்டிவிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன்.

பானையைக் கீழே கொண்டுபோனோம். கார் நிறுத்துமிடத்தில் எங்கள் கார் மட்டும் சுவர் நிழலுக்கு வெளியே, முழு வெயிலில் நின்றது. மனைவி எப்போதும் அங்கேயே நிறுத்தச் சொன்னதற்கும் காரணம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. குண்டூசி பானையைப் பின் இருக்கையில் வைத்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். ஒருமுறை அசைத்துப் பார்த்து, கதவைச் சாத்தினாள்.

மனைவி இறந்து அரை வருடம் ஆகப்போகிறது. ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். திரும்பவில்லை. அதற்கு மேல் சொல்ல எனக்கு வரவில்லை. நான் லிஃப்ட் கம்பெனியில் என்ஜினியர். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறிவிட்டு, பொத்தானை அழுத்த மறந்து நின்றுவிடுகிறேன். மேலே யாராவது கூப்பிட்டால் மேலே போகிறேன், கீழே கூப்பிட்டால் கீழே. மேல்மாடியில் இருக்கும் பல் டாக்டர் ஒருநாள், யாரைப் பாக்கணும் என்று என்னையே கேட்டார். அவருக்கு நான் பதினைந்து தடவையாவது வணக்கம் சொல்லியிருப்பேன்.

இதே நிலையில்தான் மனைவியின் அக்கா போன் செய்தார். பெண்ணை நாங்கள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், எங்கள் தெருவிலேயே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, இடம் கேட்டாகிவிட்டது, நீங்கள் லீவுக்கு லீவு வாருங்கள் என்றார். சரி என்றேன். அவருக்கும் அவர் கணவருக்கும் குழந்தை கிடையாது. தங்கமான மனிதர்கள். மறுக்க ஒரு காரணமும் தெரியவில்லை, ஒப்புக்கொண்டதற்கும் ஒரு காரணமும் தெரியவில்லை. நேற்று வந்து இறங்கினார்கள். இன்று மாலை ரயிலில் மூன்று பேராகத் திரும்புவதாக ஏற்பாடு. குண்டூசியின் பெட்டி கூடத்தில் பூட்டி நிற்கிறது.

என்ன வேண்டுமென்று பெரியம்மா காலையில் கேட்டபோது, பிஸ்ஸா சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள் அவள். சகலை உடனே போனை எடுத்து, ஆர்டர் பண்ணலாமா என்றார். கடை பிஸ்ஸா இல்லை, வீட்டு பிஸ்ஸா என்று சொல்லிவிட்டாள். வீட்டு பிஸ்ஸா எப்படிச் செய்வது என்று எங்களில் அவளைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

அக்காவும் நானும் அடுக்களையில் நின்றோம். அவர் தக்காளி நறுக்கினார், நான் பூண்டு உரித்தேன். தங்கச்சிக்கு சீஸ் என்றாலே ஆகாது, சின்ன வயசில் வாடை பட்டாலே எழுந்து ஓடுவாள் என்றார். என் மனைவி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு என் தட்டிலிருந்தும் எடுப்பாள். இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று குழப்பமாக இருந்தது. குண்டூசியைக் கேட்டோம். அம்மா சீஸ் வழித்துப் போட்டுவிட்டு ரொட்டியை மட்டும்தான் சாப்பிடுவாள் என்றாள். அப்படியானால் என் தட்டிலிருந்து எடுத்தது எதை? யோசித்தேன். அவள் கை வருவது நினைவில் இருந்தது. எதை எடுத்துக்கொண்டு போனது என்பது இல்லை.

சீஸ் வாங்கி வரச் சொல்லி சகலையை அனுப்பியிருந்தார் அக்கா. குண்டூசி கூடத்துக்குப் போனதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"தம்பி, போன்ல நீங்க சரின்னு சொன்னதும் நான் சந்தோஷப்பட்டேன். ராத்திரி உங்க மூஞ்சியப் பாத்ததுல இருந்து எனக்கு ஒண்ணும் புரியல. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன். அழுவேன், அது என் பாடு."

"சரிக்கா."

"எதுக்குச் சரி?"

எனக்குத் தெரியவில்லை. பூண்டுத் தோல் விரலில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. அக்கா ஒரு தக்காளியை எடுத்து, தேவைக்கு மேல் சின்னதாக நறுக்கத் தொடங்கினார்.

குண்டூசி வாசலில் வந்து நின்றாள். ரொம்ப நேரமாக நின்றிருப்பாள் போல.

"பெரியம்மா, உங்க வீட்ல கார் இருக்கா?"

"ஸ்கூட்டர் இருக்கும்மா."

"அப்ப மாவை எங்க வெப்பீங்க?"

அக்கா யோசித்தார். மொட்டை மாடியில் வைக்கலாம் என்றார். காத்தடிக்குமே என்றாள் இவள். மாவு எப்படி இருக்கிறது என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு அவள் கீழே போனாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். கார் இல்லை என்றாள்.

சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. வெயிலுக்குப் பயந்து சகலை நடக்காமல் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போன் போட்டேன். சோபா மேல் அவர் போன் அடித்தது. மூன்று பேரும் கீழே இறங்கினோம். கார் நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்க் கறையும் காய்ந்த இலைகளும் இருந்தன. குண்டூசி கார் நிறுத்தக் கோடு போட்டிருந்த கட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள். பெரியப்பா ஏசி போடுவார், போட்டால் மாவு படுத்துவிடும் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருப்பேன். அழாத குழந்தையை என்ன செய்வது என்று தெரியாமல் நானும் அந்தக் கட்டத்துக்குள் போய் நின்றேன். அக்கா கைகளை முந்தானையில் துடைத்தபடி, மனுஷனுக்கு வேர்த்தா உலகம் அழிஞ்சிடும், குளிர்காலத்துலகூட ஃபேன் போடுற ஆளு என்று தெருவைப் பார்த்துச் சொன்னார்.

கார் வந்தது. வந்த விதம்தான் விசித்திரமாக இருந்தது. சைக்கிள்காரர் ஒருவர் அதை முந்திக்கொண்டு போனார். வாசல் மேட்டில் ஏறும்போது ஏறக்குறைய நின்று, தவழ்ந்து ஏறியது. சகலை ஜன்னல் கண்ணாடிகளை இறக்காமலே ஓட்டி வந்திருந்தார். கதவைத் திறந்ததும் அடுப்பிலிருந்து வருவதைப்போல் அனல் வந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. யாரையும் பார்க்காமல், சீஸ் பையை அக்காவிடம் கொடுத்தார்.

குண்டூசி பின்கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றினாள். ரப்பர் பேண்டு எங்கோ தெறித்திருந்தது. துணி தொப்பி மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதன் கீழே மாவு பானையைத் தாண்டி வழிந்து, இருக்கை வரை இறங்கியிருந்தது.

"நல்லா வந்திருக்கு," என்றாள்.

சகலை எட்டிப் பார்த்தார். "மாவா?" என்றார்.

மாவுதான் என்றேன். அவர் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டார். அக்காவையும் குழந்தையையும் பானையோடு மேலே போகவிட்டு, என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சகலை, நான் அஸ்தின்னு நெனச்சேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. காரியத்தன்று அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். அஸ்தியை என்ன செய்தோம் என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பாதி வழியில் கண்ணாடியில் பின்னால் பார்த்திருக்கிறார். வெள்ளைத் துணி கட்டிய பானை, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பாவம், மனுஷன் பிரிய மனசில்லாமல் காரிலேயே வைத்துச் சுற்றுகிறான் என்று நினைத்திருக்கிறார். பாட்டை நிறுத்தினார். ஏசியை நிறுத்தினார், பானைக்குக் குளிருமே என்று தோன்றியதாம். அப்படி ஏன் தோன்றியது என்று கேட்கக்கூடாது என்றார். நான் கேட்கவில்லை. கடையில் இறங்கியபோது, இதோ வந்துடறேம்மா என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்.

"வரும்போது பேசிட்டேன்யா. பொண்ண நாங்க கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டுட்டேன். ஸ்பீடு பிரேக்கர் வந்துச்சு. மெதுவாத்தான் ஏத்துனேன். பின்னாடி ஒரு பெருமூச்சு. சத்தியமா காதுல விழுந்துச்சு."

ஈஸ்ட் போட்ட மாவுக்குள் காற்று இருக்கும், குலுங்கினால் அடங்கும் என்றேன்.

"அதெல்லாம் எனக்கு இப்பப் புரியுது. அந்தப் பெருமூச்சு சரின்னா, வேணாம்னா? அத மட்டும் சொல்லுங்க. நீங்கதானே கூட வாழ்ந்தீங்க."

மாவுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. அவள் பெருமூச்சு விடுவாள். படுக்கப்போகும்போது விடுவாள், சட்டையை மடிக்கும்போது விடுவாள், நான் மெக்கானிக்கிடம் போகிறேன் என்றபோதும் விட்டாள். ஒன்றுக்காவது என்ன அர்த்தம் என்று கேட்டு வைத்திருக்கிறேனா என்று தேடிப் பார்த்தேன். சகலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புதானா என்று நிச்சயமில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவரும் பக்கத்தில் சாய்ந்தார். இரண்டு பேரும் குலுங்கிக்கொண்டிருந்தோம். நாயோடு நடக்க வந்த பல் டாக்டர் எங்களைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

மேலே வந்தபோது முதல் பிஸ்ஸா ஓவனுக்குள் இருந்தது. அக்காவுக்கு எங்கள் முகத்தைப் பார்த்ததும் சந்தேகம். சகலை அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அக்கா முதலில், அடச்சீ என்றார். பிறகு அந்தப் பானையைப் பார்த்தார். அதில் இன்னும் முக்கால்வாசி மாவு இருந்தது. அளவு தெரியாமல் நான் ஒரு பாக்கெட் முழுவதையும் கொட்டியிருந்தேன். அவர் உள்ளங்கையை மாவின் மேல் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். சூடா இருக்கு என்றார்.

முதல் பிஸ்ஸாவின் அடி கருகிவிட்டது, நடு வேகவில்லை. அதையும் நான்கு பேரும் சாப்பிட்டோம். அக்கா சீஸோடு சாப்பிட்டார். குண்டூசி தன் தட்டிலிருந்து சீஸை வழித்து ஓரமாக வைத்தாள். என் கை தானாகப் போய் அதை எடுத்தது. வாயில் போட்ட பிறகுதான் எடுத்ததை உணர்ந்தேன்.

இரண்டாவதை நாங்கள் எல்லோருமாகத் தட்டினோம். வட்டமாக வரவில்லை. ஏதோ ஒரு தீவின் வரைபடம் மாதிரி இருந்தது. அதை ஓவனில் வைத்தபோது சகலை கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது இறங்கினால்தான் ரயிலைப் பிடிக்க முடியும் என்றார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அக்கா கை கழுவிக்கொண்டு, பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா," என்றேன். குரல் யாருடையதோ போல இருந்தது. "அன்னிக்கு சரின்னு சொன்னது, நான் யோசிச்சுச் சொல்லல. எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டிருந்தேன். அவள நல்லா வளக்க எனக்கு வருமான்னும் தெரியல. ஆனா அவ இல்லாம இந்த வீட்டுல என்ன பண்றதுன்னு சுத்தமாத் தெரியல."

குண்டூசி திரும்பிப் பார்க்கவில்லை. ஓவன் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்து மட்டும் விறைத்திருந்தது.

"இப்ப கதவத் தெறந்தா அமுங்கிடும்," என்றாள். யாரும் திறக்கப் போகவில்லை.

அக்கா அவள் பக்கத்தில் போய், முழங்கால் மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். சகலை கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றார். பிறகு அவரும் பேண்டைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு குந்தினார். ஓவன் கண்ணாடிக்குள் மஞ்சள் வெளிச்சம். அந்தக் கோணல் தீவின் ஒரு ஓரத்தில், சீஸ் படாத இடத்தில், ஒரு குமிழி மெல்ல எழும்பியது. எழும்பி, வளர்ந்து, உச்சியில் பழுப்பேறத் தொடங்கியது. உடைந்துவிடும் என்று தோன்றியது. நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தோம். அது இன்னும் பெரிதாகிக்கொண்டிருந்தது.