அறுபத்தொன்றாம் சாட்சியின் மூச்சு

மௌரி அவென்யூ சிக்னலில் பச்சை விழுந்து நாலைந்து நொடி ஆகியும் மானஸா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் முதலில் மரியாதையாக ஒருமுறை ஹார்ன் அடித்தான். பிறகு கையை எடுக்காமல் அடித்தான். பின் சீட்டிலிருந்து ஸ்ம்ருதி, “மாம், இட்ஸ் க்ரீன்” என்றாள். அவளுக்கு ஆறு வயது. சாலை விதிகளில் அம்மாவைவிடக் கறார்.

வழி சொல்லும் குரல் அப்போதுதான் பேசி முடித்திருந்தது. நானூறு அடியில் வலப்பக்கம் திரும்பச் சொன்னது. அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. நின்று, மூச்சைச் சின்னதாக உள்ளே இழுத்து, எதையோ விழுங்கிவிட்டு, பிறகுதான் ‘நானூறு’ என்றது. இயந்திரத்துக்கு மூச்சு கிடையாது, விழுங்க எச்சில் கிடையாது. அந்த விழுங்கல் யாருடையது என்று மானஸாவுக்குத் தெரியும். மூன்று வாரம் ஹெட்ஃபோனில் அதையே கேட்டவள் அவள்.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி வண்டிகளுக்கும் வீட்டு ஸ்பீக்கர்களுக்கும் குரல் செய்து விற்கிறது. வெளியே விடுமுன் புதுக் குரலை ஊழியர்கள் தங்கள் வீட்டிலும் வண்டியிலும் ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். இது பதினொன்றாவது குரல். பத்து நாளாக அவள் வண்டியிலும், கணவன் முகுந்த் சமைக்கும்போது சமையலறையிலும் இதுதான் பேசிக்கொண்டிருந்தது. சிறிய வாக்கியங்களில் அது வெறும் இனிமையான பெண் குரல். இன்றுவரை அவள் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன் ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆவணக் காப்பகம் கம்பெனிக்கு ஒலிநாடாக்களை அனுப்பியது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு போரின் குற்றங்களை விசாரித்து, வேலை முடிந்து, கதவை மூடிவிட்ட பன்னாட்டு நீதிமன்றத்தின் நாடாக்கள். நாடாக்கள் மக்கிக்கொண்டிருந்தன. காப்பகத்திடம் பெரிய நிதி இல்லை. இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறோம், பதிலுக்கு அந்த ஒலியை எங்கள் இயந்திரங்களுக்குப் பயிற்சி தரப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம். பகிரங்கமாக ஒலிபரப்பான விசாரணைகள் மட்டும்தான் என்று காப்பகம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அடையாளத்தை மறைக்க நீதிமன்றம் உத்தரவிட்ட சாட்சிகளும் அதில் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஒலிபரப்பிலேயே முகத்தைக் கலைத்து, குரலை மாற்றித்தான் காட்டியிருந்தார்கள். எனவே அதில் ஆபத்தில்லை என்று காப்பகம் நினைத்தது. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மானஸாவின் குழு செய்த கருவி, கெட்டுப்போன ஒலி கெடுவதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து மீட்டுத் தரும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மொத்த நாடாக்களையும் அதில் ஓடவிட்டு, ஸ்ம்ருதியை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போய்விட்டாள். திங்கட்கிழமை வந்து அங்கங்கே கேட்டுப் பார்த்தாள். அறுபத்தொன்றாம் சாட்சி என்று எழுதிய இடத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற, ஆணா பெண்ணா என்று தெரியாத தடித்த குரல் இருக்க வேண்டும். அங்கே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். லேசாக ஜலதோஷம் பிடித்திருந்தது. மேசையில் தண்ணீர்த் தம்ளரை வைக்கும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. கருவி முகமூடியைப் பழுது என்று எடுத்துக்கொண்டு, சரிசெய்து வைத்திருந்தது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நாடாவை அழித்துவிட்டுக் காப்பகத்துக்கு நாலு வரி எழுதியிருக்க வேண்டும். அவளோ கேட்டுக்கொண்டிருந்தாள். கருவி இவ்வளவு நன்றாக வேலை செய்ததில் முதலில் ஒரு பெருமை இருந்தது. பிறகு விட முடியவில்லை. அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. இன்னொரு தடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், வங்கி அறிக்கை படிக்கிற தொனியில், ‘நான் போனேன், நான் கேட்டேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பெண்ணின் துக்கத்துக்கு ஆண் குரலில் ஒரு ‘நான்’.

சாட்சியம் மூன்று நாள் நடந்தது. அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் அவளையும் சேர்த்து ஆட்களைக் கண்ணைக் கட்டி அடைத்து வைத்திருந்தார்கள். தினமும் மாலை ஒருவன் வந்து ஒரு காகிதத்திலிருந்து பெயர்களை வாசிப்பான். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து போவார்கள், திரும்பி வர மாட்டார்கள். ஒருநாள் அவள் தம்பியின் பெயர் வந்தது. எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை மணிக்கு என்று வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் அவள் நின்றாள். மூச்சு. விழுங்கல். பிறகு எண்.

வாசித்தவன் யாரென்று அவளுக்குத் தெரியும். பதினொரு வருடம், மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அவர்கள் குடியிருப்புக்கு காஸ் மீட்டர் பார்க்க வந்தவன். நிலவறையிலிருந்து எண்களை மேலே நிற்கும் உதவியாளுக்குக் கூவிச் சொல்வான்.

“முகத்தைப் பார்த்தீர்களா?” என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

“இல்லை.”

“வெறும் குரலை வைத்து ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பச் சொல்கிறீர்களா?”

நாடாவில் ஒன்பது நொடி மௌனம். பிறகு அவள் சொன்னது: “மீட்டரை வாசித்த மாதிரியேதான் பெயர்களையும் வாசித்தான்.”

நீதிபதிகள் நம்பினார்கள். பதினெட்டு வருடம் கொடுத்தார்கள்.

சிக்னலைத் தாண்டி ஸ்ம்ருதியைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அங்கேயே வண்டியை நிறுத்தி மானஸா அந்த மீட்டர்காரனை ஃபோனில் தேடினாள். தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் நன்னடத்தைக்காக அவனை விட்டுவிட்டிருந்தார்கள். அதே ஊருக்குத்தான் திரும்பியிருந்தான். ஊர் எல்லையில் பூச்செண்டும் பாட்டுமாக வரவேற்பு. போன கோடையில் எடுத்த படம் ஒன்று இருந்தது. தோட்டத்து மேசையில் வயசான ஒருவர் பேரக்குழந்தைகளோடு சிரித்துக்கொண்டிருந்தார். ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் உருண்டையாகச் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்பீக்கர். எந்தக் கம்பெனியுடையது என்று தெரியவில்லை.

பத்ரி திருச்சிக்காரன், அவளுடைய மேனேஜர். முக்கியமான விஷயங்களை லேக் எலிசபெத்தைச் சுற்றி நடந்துகொண்டேதான் பேசுவான். அன்று மதியம் அவளைப் பார்த்ததுமே, “என்ன மானஸா, ரெசிக்னேஷன் லெட்டரா? மூஞ்சி அப்படி இருக்கு” என்றான்.

“வாய்ஸ் லெவன்ல சிக்ஸ்டி ஒன் இருக்கா, பத்ரி.”

“இருக்காவா? ஆள் மாதிரி சொல்ற.”

“ஆள்தான்.”

அவன் சிரித்தான். “நூத்தி நாப்பது பேரோட ப்ளெண்டு அது. தனியா யாரும் இல்ல.”

“ஒருத்தியே ஒம்பது மணி நேரம் பேசியிருக்கா. மத்தவங்கள்லாம் பத்து நிமிஷம், இருபது நிமிஷம். யார் மேல வருவான்னு நெனைக்கறீங்க? நான் மாஸ்கை எடுத்துட்டேன். அதை யார்கிட்டயும் சொல்லல. நீங்க ட்ரெயினிங்க்கு எடுத்துட்டீங்க.”

பாதையின் குறுக்கே வாத்துகள் வரிசையாகப் போயின. கடைசி வாத்து தாண்டும்வரை பத்ரி நின்றான்.

“யூசர் டெஸ்ட் ரிப்போர்ட் பாத்தியா?” என்றான் மெதுவாக. “ட்ரஸ்ட் ஸ்கோர் மத்த எந்த வாய்ஸுக்கும் இப்படி வந்ததில்ல. இந்தம்மா சொன்னா பொய்யா இருக்காதுன்னு ஒருத்தன் எழுதியிருக்கான்.”

“பொய் இல்லதான். சத்தியம் பண்ணிட்டுப் பேசினது.”

“பதினாலு நாள்ல லாஞ்ச். அது முடியட்டும். அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம மாத்திடலாம்.”

“அந்த நாட்டுலயும் லாஞ்ச் ஆறது, பத்ரி. அந்த மொழியிலயே பேசப்போறா.”

அவன் நடையை வேகமாக்கினான். கார் நிறுத்தத்துக்கு வந்ததும் சொன்னான்: “டேப்பையெல்லாம் ரன் பண்ணது உன் பேர்ல இருக்கு. நான் மிரட்டல. ஆர்க்கைவுக்கு எழுதினா மொதல்ல வெளிய வர்ற பேர் எதுன்னு சொல்றேன், அவ்வளவுதான். உன் க்ரீன் கார்டு எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை முகுந்த் சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். மானஸா லேப்டாப்பை மேடைமேல் வைத்தாள். முதலில் நாடாவிலிருந்து அரை நிமிடம். பிறகு பதினொன்றாம் குரல் ஆங்கிலத்தில் வாசித்த ஒரு வானிலை அறிக்கை.

“ரெண்டு பேரும் யாரு?” என்றாள்.

“ரெண்டு பேரா? ஒரே பொம்பளதானே.”

“ஒண்ணு வேற பாஷை. எப்படிச் சொல்ற?”

“எப்படின்னு கேட்டா? தெரியறது. நீ ரூம்ல இருமினா நீன்னு தெரியலையா?” கத்தி நின்றது. “ஏன் மானு, யாரு இவ?”

அவள் சொன்னாள். கேட்டு முடிக்கும்வரை அவன் ஒரே முருங்கைக்காய்த் துண்டைக் கையில் வைத்திருந்தான். பிறகு, மானஸா எதிர்பார்த்த அதே இடத்துக்கு வந்தான்.

“அறுபது நாள் மானு. வேலை போனா அறுபது நாள்ல மூட்டை கட்டணும். நானும் உன் அப்ளிகேஷன்ல தொங்கிண்டிருக்கேன். பதினோரு வருஷம் லைன்ல நின்னிருக்கோம்.”

“தெரியும்.”

“எங்கயோ இருக்கற யாரோ ஒருத்தி. உயிரோட இருக்காளான்னுகூடத் தெரியாது.”

“நீதானே இப்ப ஒரே ஆள்னு சொன்ன. அரை நிமிஷம்தான் கேட்ட.”

“அது நம்ம கிச்சன்ல.”

“அந்த மீட்டர்காரன் கிச்சன்ல அவனும் சொல்லுவான்.”

முகுந்த் முருங்கைக்காயைக் கீழே வைத்தான். ஜன்னல் மேடையில் இருந்த ஸ்பீக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் அதன் பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகும் இருவரும் தணிந்த குரலிலேயே பேசினார்கள்.

திங்கட்கிழமை காலை, பார்ட் ரயில் ஸ்டேஷன் கார் நிறுத்தத்தில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே மானஸா காப்பகத்துக்கு எழுதினாள். என்ன செய்தாள், எந்த வெள்ளிக்கிழமை, இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை, எல்லாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதத் தெரியவில்லை. ‘கேட்டுக்கொண்டிருந்தேன்’ என்று எழுதினாள். அனுப்பினாள். தலைக்குமேல் ரயில் போனபோது வண்டிக் கண்ணாடி அதிர்ந்தது.

புதன்கிழமை பதில் வந்தது. கோபம் இல்லாத கடிதம். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. நீதிமன்றம் மூடப்பட்டாலும் பாதுகாப்பு உத்தரவுக்குக் காலாவதி கிடையாது, சாட்சி இறந்த பிறகும் அது செல்லும் என்று எழுதியிருந்தார் அந்த அதிகாரி. குரலை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிக்குத் தனியாக வழக்கறிஞர் கடிதம் போயிருந்தது. மானஸா செய்ய வேண்டியது ஒன்றுதான். இணைத்திருக்கும் படிவத்தில், முகமூடி நீங்கிய குரலைக் கேட்ட ஒவ்வொருவரின் பெயரையும், கேட்ட இடத்தையும் தனக்குத் தெரிந்த மட்டும் எழுத வேண்டும். அதன்கீழே, படிவ மொழியில் இல்லாத இரண்டு வரிகள்: ‘சாட்சி உயிருடன் இருக்கிறார். நாங்கள் அவரிடம் சொல்லியாக வேண்டும். எத்தனை பேர் என்று கேட்பார்.’

அவள் காலண்டரில் மறுநாள் பத்து மணிக்கு ஒரு கட்டம் முளைத்திருந்தது. எச்.ஆர்., பத்ரி, பெயர் தெரியாத இன்னொருவர். தலைப்பு இல்லை.

வியாழக்கிழமை ஏழரை மணிக்கு மானஸா சாப்பாட்டு மேசையில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். முதல் பெயர் அவளுடையது. பத்ரி. குழுவில் மற்ற மூவர். பிறகு சோதனைக்கு எடுத்துப்போன ஊழியர்கள், அவளுக்குத் தெரிந்தவரை நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேர். அவர்கள் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று தெரியாது. அதற்குப் படிவத்தில் இடமும் இல்லை. இருநூறாவது வரிசையில் முகுந்த் என்று எழுதினாள். கேட்ட இடம்: சமையலறை. முடிந்தது என்று நினைத்துக் கீழே ஒரு கோடு போட்டாள்.

வெயில் நேராக மேசைமேல் விழுந்திருந்தது. ஸ்பீக்கர் இருந்த இடத்தில் தூசியில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. எதிரே ஸ்ம்ருதி, பள்ளிப் பையை மாட்டியபடியே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

முகுந்த் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே கேட்டான், “கண்ணம்மா, எத்தனை தோசை?”

கால் ஆடுவது நின்றது. ஸ்ம்ருதி முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினாள். சின்னதாக மூச்சை உள்ளே இழுத்தாள். வாயில் ஒன்றும் இல்லாமலே எதையோ விழுங்கினாள். பிறகு, “டூ” என்றாள்.

முகுந்த் திரும்பவில்லை. கரண்டி மட்டும் கல்லின் மேல் அப்படியே நின்றது. தோசையின் ஓரம் தீயத் தொடங்கிய வாசனை வந்தது.

“அப்பா, யு டிட்ன்ட் ஹியர் மி” என்றாள் ஸ்ம்ருதி. அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். அவள் மறுபடி நின்றாள், மறுபடி அந்த மூச்சை இழுத்தாள்.

மானஸா போட்ட கோட்டை அழித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.